ஏழாம் அத்தியாயம்: எந்த வரியை மாற்றச் சொல்கிறீர்கள்?

அரசு ஒரு நிவாரணக் கடன் திட்டத்தை அறிவித்தால், அன்று மாலை முதல் சங்கச் செயலாளரின் போன் ஓயாது. "அண்ணே, நமக்குக் கிடைக்குமா?" என்பது முதல் வாரக் கேள்வி. இரண்டாம் வாரத்தில் கேள்வி மாறிவிடும்: "கிடைக்குதுண்ணே. ஆனா இந்தக் கண்டிஷனோட வாங்கி என்ன பண்றது?" முந்தைய அத்தியாயம் முதல் கேள்விக்கானது. இது இரண்டாவதுக்கு.

நிபந்தனை ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும் நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? செயற்குழுவைக் கூட்டுகிறார்கள். ஆளுக்கொரு கோரிக்கை சொல்கிறார்கள். வட்டிக் குறைப்பு, தவணை ஒத்திவைப்பு, மின்கட்டணச் சலுகை, ஜி.எஸ்.டி. குறைப்பு, தொழிற்பேட்டைக்குச் சாலை என எல்லாம் எண் போட்டு ஒரே காகிதத்தில் ஏறுகிறது. எம்.பி.க்குப் பொன்னாடை போர்த்தி, மனுவை நீட்டியபடி போட்டோ எடுத்து, நாளிதழுக்கு அனுப்புவதோடு வேலை முடிகிறது. எம்.பி.யும் "ஆவன செய்கிறேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து துறைகளுக்கான கோரிக்கைகள் ஒரே தாளில் இருந்தால், அதை எந்த மேசைக்கு அனுப்புவது என்று அவருடைய உதவியாளருக்கே தெரியாது.

மனு எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது. உங்களை இடறும் வரி எது, அது எந்தத் தாளில் அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சட்டத்திலா, துறையின் விதியிலா, வங்கியின் சொந்தப் படிவத்திலா? மூன்றுக்கும் மூன்று வாசல். 2020-ல் அமெரிக்க உணவகக்காரர்கள் நடத்திய போராட்டத்தைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதில் நமக்கு எடுத்துக்கொள்ளவும் இருக்கிறது, தவிர்க்கவும் இருக்கிறது.

எட்டு வாரமும் எழுபத்தைந்து சதவீதமும்

2020 மார்ச் 27-ல் அமெரிக்கா கொரோனா நிவாரணச் சட்டத்தை இயற்றியது. கேர்ஸ் சட்டம் என்பார்கள். அதில் ஒரு பகுதி சம்பளப் பாதுகாப்புத் திட்டம், சுருக்கமாக பி.பி.பி. ஒதுக்கீடு 34,900 கோடி டாலர். ஒரு நிறுவனம் தன் சராசரி மாதச் சம்பளச் செலவைப் போல இரண்டரை மடங்கு வரை, அதிகபட்சம் 1 கோடி டாலர், கடன் வாங்கலாம். வட்டி 1 சதவீதம். பணத்தைச் சொன்னபடி செலவழித்தால் கடனே தள்ளுபடி. அந்தச் "சொன்னபடி"யில்தான் சிக்கல் இருந்தது.

பணம் கைக்கு வந்த நாளிலிருந்து 8 வாரத்துக்குள் செலவழித்தாக வேண்டும். அதில் 75 சதவீதம் சம்பளமாகப் போக வேண்டும்; மீதியை வாடகை, அடமானக் கடன் வட்டி, மின்சாரம் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். வேலையை விட்டு நிறுத்தியவர்களை ஜூன் 30-க்குள் திரும்ப எடுக்க வேண்டும். தள்ளுபடி ஆகாத தொகையை 2 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும்.

ஆலைக்காரர் ஒருவர் இதைச் சமாளித்திருக்கலாம். உணவகக்காரரால் முடியவில்லை. ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்களில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடவே தடை. பார்சல் மட்டும் கொடுக்கும் கடைக்கு முழு ஆளையும் கூப்பிட்டுச் சம்பளம் கொடுத்தால், எட்டாவது வாரம் பணம் தீர்ந்திருக்கும். ஒன்பதாவது வாரம் கடை திறந்து ஆட்கள் தேவைப்படும்போது கையில் ஒன்றும் இருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாதம் 40,000 டாலர் சம்பளம் கொடுக்கும் உணவகத்துக்குக் கடன் 1,00,000 டாலர். முதல் நாளே அத்தனை பேரையும் திரும்ப எடுத்தாலும், 8 வாரச் சம்பளம் ஏறக்குறைய 73,850 டாலர்தான். கடனில் 75 சதவீதம் என்பது 75,000. முழு ஆளையும் வைத்து நடத்துகிறவரே கோட்டைத் தொட முடியாத கணக்கு இது. பாதி ஆட்களோடு நடத்தினால் 8 வாரச் சம்பளம் சுமார் 36,900. அதை 75 சதவீதமாக வைத்துப் பார்த்தால் அதிகபட்சத் தள்ளுபடி 49,200 டாலர். மீதி 50,800 டாலர் தலையில் கடனாக நிற்கும். (ஆள்குறைப்புக்கான கழிவு வேறு உண்டு, கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டிருக்கிறேன்.) காலத்தை 24 வாரமாக்குங்கள். அதே பாதி ஆட்களுக்கு 1,10,000 டாலருக்கு மேல் சம்பளம் போயிருக்கும். கடன் முழுதும் சம்பளத்திலேயே அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு அரைப் பக்கத்துக்குள் அடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். "எங்கள் தொழில் நசிந்து வருகிறது" என்று மூன்று பக்கம் எழுதினாலும் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு எதை மாற்ற வேண்டும் என்று புரியாது. 8 என்ற எண்ணை 24 ஆக்கினால் என்ன நடக்கும் என்பது இந்த அரைப் பக்கத்தில் புரியும். உங்கள் சங்கத்தில் கணக்குப் புத்தகத்தைக் காட்டத் தயங்காத ஒரு உறுப்பினரைப் பிடியுங்கள். பெயரை மறைத்து, அவருடைய உண்மையான எண்களை வைத்து இப்படி ஒரு தாள் தயாரியுங்கள். ஆடிட்டர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

எந்த வரி எங்கே இருந்தது

உணவகக்காரர்களுக்கு நான்கு வரிகள் இடறின. அவற்றில் 8 வாரமும் ஜூன் 30-ம் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. மற்ற இரண்டும் அப்படியல்ல. 75 சதவீதம் என்ற பேச்சே சட்டத்தில் கிடையாது. கருவூலத் துறையோடு கலந்து சிறுதொழில் நிர்வாகம் ஏப்ரலில் வெளியிட்ட இடைக்கால விதியில்தான் அது வந்தது. கடனை அடைக்க 10 ஆண்டு வரை கொடுக்கலாம் என்று சட்டம் இடம் விட்டிருந்தது. அதை 2 ஆண்டாகச் சுருக்கியதும் விதிதான்.

ஆகவே இரண்டு வரிகளுக்கு அதிகாரிகளின் கதவைத் தட்டினால் போதும். மற்ற இரண்டுக்கு நாடாளுமன்றம்தான் வழி. சங்கங்கள் இரண்டு பக்கமும் போயின. அந்த மார்ச்சில்தான் சிறு உணவக முதலாளிகளும் சமையல் கலைஞர்களும் சேர்ந்து தனி உணவகங்களுக்கான கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பழைய தேசிய உணவகச் சங்கமும் களத்தில் இருந்தது. இவர்களின் மையக் கோரிக்கை காலத்தை நீட்டுவது.

மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் இருவர். மினசோட்டாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சிக்காரர் டீன் பிலிப்ஸ், டெக்சாஸைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் சிப் ராய். வேறு பலவற்றில் ஒத்துப்போகாத இரண்டு பேர். மே 28-ல் பிரதிநிதிகள் சபையில் 417-க்கு 1 என்று நிறைவேறியது. ஜூன் 3-ல் செனட் ஏற்றது. ஜூன் 5-ல் டிரம்ப் கையெழுத்திட்டார். 8 வாரம் 24 ஆனது. 75 சதவீதம் 60 ஆனது. ஆட்களைத் திரும்ப எடுக்கும் கெடு டிசம்பர் 31 ஆனது. புதுக் கடன்களுக்கு அடைக்கும் காலம் 5 ஆண்டு ஆனது. சுகாதாரக் கட்டுப்பாடுகளால் பழைய அளவுக்கு வியாபாரம் நடத்த முடியாதவர்களுக்கு ஆள்குறைப்புக் கழிவிலிருந்தும் விலக்கு கிடைத்தது.

417 ஓட்டு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். உணவகம் இல்லாத தொகுதி கிடையாது என்பது ஒரு காரணம். அரசு புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். கோரிக்கை வைக்கும் முன் உறுப்பினர் பட்டியலைத் தொகுதிவாரியாகப் பிரித்து வையுங்கள். எந்த எம்.பி.யிடம் போனாலும் "உங்கள் தொகுதியில் எங்களுக்கு இத்தனை பட்டறை, இத்தனை தொழிலாளர்" என்று முதல் வரியில் சொல்ல முடிய வேண்டும். ஆளுங்கட்சி எம்.பி.யைப் பார்த்த அதே வாரத்தில் எதிர்க்கட்சி எம்.பி.யையும் பாருங்கள். தலைவருக்கு இதில் சங்கடம் இருந்தால் பொருளாளரை அனுப்புங்கள்.

59 சதவீதம் என்று போட்டுப் பாருங்கள்

ஜெயித்த மசோதாவிலும் ஒரு பள்ளம் இருந்தது. பழைய விதியில், சம்பளச் செலவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் தள்ளுபடியும் அதற்கேற்ப விகிதாசாரமாகக் குறையும், அவ்வளவுதான். புதுச் சட்டத்தின் வாசகமோ, தள்ளுபடி பெற வேண்டுமானால் குறைந்தது 60 சதவீதத்தைச் சம்பளத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும் என்று இருந்தது. எழுத்துக்கு எழுத்து படித்தால், 59 சதவீதம் செலவழித்தவருக்குத் தள்ளுபடி பூஜ்யம். சலுகை கேட்டு வாங்கிய சட்டம் முன்பைவிடக் கடுமையாகிவிட்டது. ஜூன் 8-ல் கருவூலத் துறையும் சிறுதொழில் நிர்வாகமும் கூட்டறிக்கை விட்டு, விகிதாசாரத் தள்ளுபடி தொடரும் என்று விளக்கிய பிறகே பதற்றம் அடங்கியது.

வரைவு கைக்கு வந்ததும் வாழ்த்துச் செய்தி அனுப்பாதீர்கள். எல்லைக்கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே இருக்கும் உறுப்பினரின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் தாமதமாக வந்தவரின் தேதியைப் போட்டுப் பாருங்கள். இதற்கு வக்கீல்கூட வேண்டாம்; கால்குலேட்டரும் பொறுமையும் இருந்தால் போதும்.

பெரிய உறுப்பினர் வாங்கிக்கொண்டு போனால்

பி.பி.பி.யின் பொது வரம்பு 500 ஊழியர்கள். ஒரே உடைமையின் கீழ் உள்ள கிளைகளை எல்லாம் கூட்டிப் பார்ப்பது வழக்கமான விதி. உணவு, தங்கும் விடுதித் துறைக்கு மட்டும் கேர்ஸ் சட்டம் ஒரு விலக்கு தந்தது: ஒவ்வொரு கிளையிலும் 500 பேருக்கு மேல் இல்லாவிட்டால் போதும். துறை கேட்டு வாங்கிய விலக்கு இது.

ஏப்ரல் 3-ல் விண்ணப்பம் திறந்தது. ஏப்ரல் 16-ல் 34,900 கோடி டாலரும் தீர்ந்தது. தெருமுனைக் கடைக்காரர்கள் வங்கி வாசலில் நிற்க, பங்குச்சந்தையில் இருக்கும் ஷேக் ஷாக் 1 கோடி டாலரும் ரூத்ஸ் கிறிஸ் 2 கோடி டாலரும் வாங்கியிருந்தது செய்தியானது. ஊர் கொதித்தது. இரண்டு நிறுவனங்களும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. வேறு வழியில் பணம் திரட்ட முடிகிற பெரிய நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும் என்ற பொருளில் கருவூலத் துறையும் விளக்கம் வெளியிட்டது. அந்த நிறுவனங்கள் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் கெட்ட பெயர் துறை முழுவதற்கும் வந்தது. அடுத்து 31,000 கோடி டாலர் ஒதுக்கியபோது, சிறிய வங்கிகள் வழியாகப் போவதற்கென்று 6,000 கோடியைத் தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது.

என் கருத்து இதுதான்: உங்கள் கோரிக்கைக்கு உச்சவரம்பை நீங்களே எழுதிக் கொடுங்கள். சங்கத்தின் பெரிய உறுப்பினர்கள் முகம் சுளிப்பார்கள். சந்தா அதிகம் கட்டுகிறவர்களும் அவர்களே என்பதால் செயற்குழுவில் இது எளிதாக நடக்காது. நடத்தியே ஆக வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பி.பி.பி.யில் வணிகச் சங்கங்களுக்கே முதலில் இடமில்லை. அவையும் தங்களுக்காகக் கேட்டன. 2020 டிசம்பர் 27 சட்டத்தில் 300 ஊழியர்களுக்கு மிகாத சங்கங்களுக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் ஒரு கொக்கியோடு: வருமானத்திலும் பணியிலும் 15 சதவீதத்துக்கு மேல் சட்டமியற்றுபவர்களிடம் பரிந்து பேசும் வேலையாக இருக்கக்கூடாது, அந்தச் செலவு ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. பரிந்து பேசி வாங்கிய சலுகைக்கே அப்படி ஒரு நிபந்தனை! சங்கத்துக்கு ஏதாவது வேண்டுமானால் அதைத் தனிக் கடிதமாகக் கேளுங்கள். உறுப்பினர்களுக்கான மனுவில் கலக்காதீர்கள்.

வரித் துறையை மறந்துவிடாதீர்கள்

கடன் தள்ளுபடியானால் அதை வருமானமாகக் கருதி வரி போட மாட்டோம் என்று கேர்ஸ் சட்டம் சொன்னது. 2020 ஏப்ரல் கடைசியில் வரித் துறை வேறொரு குறிப்பு வெளியிட்டது: தள்ளுபடியான பணத்தில் கொடுத்த சம்பளத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுப்பதுதான் இது. செனட்டின் நிதிக் குழுவில் இரு கட்சித் தலைவர்களும் எங்கள் நோக்கம் இதுவல்ல என்று கருவூலச் செயலருக்குக் கடிதம் எழுதினார்கள். துறை அசையவில்லை. டிசம்பர் சட்டத்தில்தான் அது திருத்தப்பட்டது. நிவாரண அறிவிப்பு எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியை முதல் மனுவிலேயே எழுப்பிவிடுங்கள். வருமானவரித் தாக்கல் மாதத்தில் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

புதுப் பணம் கேட்பது வேறு ஆட்டம்

அதே கூட்டமைப்பு உணவகங்களுக்கென 12,000 கோடி டாலர் மானிய நிதியும் கேட்டது. 2021 மார்ச்சில் கிடைத்தது 2,860 கோடி. விண்ணப்பித்தவர்கள் 2,78,000-க்கும் மேல்; கிடைத்தது சுமார் 1,01,000 பேருக்கு. மீதிப் பேருக்காக நிதியைப் பெருக்கும் மசோதா 2022 மே மாதம் செனட்டில் 52-க்கு 43 என்று நின்றது. விவாதத்துக்கு எடுக்கவே 60 தேவை. பழைய திட்டத்தின் நிபந்தனைகளைத் திருத்தக் கேட்டபோதோ பிரதிநிதிகள் சபையில் 417 ஓட்டு விழுந்தது. உங்கள் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை வைக்க மட்டுமே தெம்பு இருக்கிறதென்றால், தேதியையோ சதவீதத்தையோ கேளுங்கள்.

நம் ஊரில் வரி எங்கே இருக்கும்

இந்தியாவில் இதற்கு இணையாக வந்தது, 2020 மே 13-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம். ஒதுக்கீடு 3 லட்சம் கோடி ரூபாய். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் நிலுவையில் 20 சதவீதம் கூடுதல் கடன், அரசு நிறுவனத்தின் முழு உத்தரவாதத்தோடு. 4 ஆண்டுத் தவணை. முதல் ஓராண்டுக்கு அசல் கட்ட வேண்டாம். அமெரிக்கத் திட்டத்தைப் போல இதில் தள்ளுபடி கிடையாது. அன்றைய தேதியில் வங்கிக் கடனே இல்லாமல் சொந்தப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்காரருக்கும் ஒன்றும் கிடையாது. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தானே.

இந்த நிபந்தனைகள் எதற்கும் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படவில்லை. நிதியமைச்சகமும் உத்தரவாத நிறுவனமும் வழிகாட்டு நெறிகளில் எழுதின. அவற்றைத் திருத்தியே மாற்றின. ஆகஸ்ட் 1-ல் கடன் நிலுவை வரம்பு 25 கோடியிலிருந்து 50 கோடியானது. விற்றுமுதல் வரம்பு 100 கோடியிலிருந்து 250 கோடியானது. ஓட்டல், சுற்றுலாத் துறைகளுக்கு 2021 மார்ச்சில் 40 சதவீதம் வரை கடனும், 2 ஆண்டு அசல் விடுமுறையோடு 6 ஆண்டுத் தவணையும் வந்தன.

ஆகவே இங்கே எம்.பி. கையில் அந்த வரியை மாற்றும் பேனா கிடையாது. ஆனால் அமைச்சகத்தைப் பதில் சொல்ல வைக்க அவரால் முடியும். "குரல் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், கேள்வி நேரத்துக்கான கேள்வியை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். மக்களவையில் 377-வது விதியின் கீழ் எழுப்பவும் கேட்கலாம். எழுத்துமூலம் வரும் பதில் ஒரு ஆவணம். வங்கி மேனேஜர் முன் அதை நீட்டலாம். நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று உங்கள் துறையை எடுத்துக்கொண்டு கருத்து கேட்டால், அந்த அரைப் பக்கக் கணக்கை அங்கேயும் அனுப்புங்கள்.

இடறுவது வங்கியாக இருந்தால் டெல்லிக்குப் போக வேண்டாம். இந்தத் திட்டத்தில் கூடுதல் ஈடு தேவையில்லை என்று நெறிகளிலேயே இருந்தது. கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டால் அது விதி கிடையாது, அந்தக் கிளையின் பயம். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அங்கேயும் தீராவிட்டால் மாநில அளவிலான வங்கியாளர் குழுவுக்கு. தமிழ்நாட்டில் அதைக் கூட்டும் பொறுப்பு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிடம் இருக்கிறது.

மனுத்தாள்

ஒரு தாள்தான். மேலே நெறியின் பெயர், தேதி, பத்தி எண். அடுத்து இப்போதைய வாசகம். அதன் கீழ் நீங்கள் கேட்கும் வாசகம். மாதிரிக் கணக்கு பின்பக்கத்தில். அரசுக்கு இதனால் எவ்வளவு கூடும் என்று ஒரு வரி. ஒன்றும் கூடாது என்றால் அதையே எழுதுங்கள், அந்த வரியைத்தான் அதிகாரி முதலில் தேடுவார். பொன்னாடை போர்த்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளின் இன்னொரு பிரதியை உதவியாளரிடம் கொடுத்து, அது எந்தப் பிரிவுக்குப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இப்படிப் பரிந்து பேசுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் 1995 சட்டப்படி பதிவுசெய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. இருந்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: யாரைப் பார்த்தோம், எந்தத் தேதி, என்ன தாள் கொடுத்தோம், யார் யார் போனோம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. அவருடைய நிறுவனமும் மாட்டும். தீபாவளிப் பெட்டி விஷயத்தில் தாராளமான செயற்குழு உறுப்பினர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

திருத்தம் வந்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை. அதில் முதலில் எழுத வேண்டியது, புது வரி எந்தத் தேதிக்குப் பிந்தைய கடனுக்குப் பொருந்தும் என்பது. அமெரிக்காவில் ஜூன் 5-க்கு முன் கடன் வாங்கியவர்கள் 8 வாரமா 24 வாரமா என்று தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. 5 ஆண்டுத் தவணை மட்டும் அவர்களுக்குத் தானாக வரவில்லை, வங்கி சம்மதித்தால்தான் உண்டு. அந்தச் சம்மதத்தைக் கேட்கும் கடிதத்தின் மாதிரியையும் சுற்றறிக்கையோடு இணைத்தே அனுப்புங்கள்.